மணிப்பூரிப் படங்களுக்கான தேசிய விருது: பட்டியலும் அதன் இடைவெளிகளும்

மணிப்பூரி மொழிக் கதைப்படங்களுக்குத் தேசிய விருது எப்போதிலிருந்து வழங்கப்படுகிறது, எந்தெந்தப் படங்கள் அதைப் பெற்றன, தமிழுக்கும் வங்காளத்துக்கும் கிடைப்பதுபோல் அதற்கு ஏன் ஆண்டுதோறும் கிடைப்பதில்லை என்பவை கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்: அந்த மொழியில் முதல் முழுநீளக் கதைப்படம் வெளிவந்த 1972ஆம் ஆண்டிலிருந்தே வழங்கப்படுகிறது. மற்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் படம் எடுக்கும் மொழியில் இந்த விருது ஒரு போட்டியின் முடிவு. சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவிலும், சில ஆண்டுகளில் அதற்கும் குறைவாகவும் படம் எடுக்கும் மொழியிலோ, அந்த ஆண்டில் ஒரு படம் எடுத்து முடிக்கப்பட்டு, தணிக்கைச் சான்றிதழ் பெற்று, டெல்லி வரை போய்ச் சேர்ந்தது என்பதற்கே அது முதலில் சான்றாகிறது. தகுதி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

விருதின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒவ்வொரு மொழிக்கும் சிறந்த கதைப்படத்துக்கான விருது உண்டு. அட்டவணையில் இல்லாத மொழிகளில் எடுக்கப்படும் படங்களுக்குத் தனி இடம் இருக்கிறது. மொழிவாரி விருதைப் பெறும் படத்தின் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் வெள்ளித் தாமரையும் பணமுடிப்பும் அளிக்கப்படும். நீண்ட காலம் ஒரு லட்சம் ரூபாயாக இருந்த அந்தத் தொகை 70ஆவது விருதுகளிலிருந்து இரண்டு லட்சமாக உயர்ந்தது. தகுதியான படம் இல்லை என்று நடுவர் குழு கருதினால் ஒரு மொழிக்கு விருது தராமலும் விடலாம். 57ஆவது விருதுகளிலிருந்து தேர்வு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில் வட்டாரக் குழு பார்க்கும். அது பரிந்துரைப்பவற்றை மையக் குழு பார்க்கும். மணிப்பூரிப் படங்கள் வங்காளம், அசாமியம், ஒடியா ஆகியவற்றோடு கிழக்கு வட்டாரக் குழுவின் முன் வருகின்றன.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. மணிப்பூரி எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது 1992இல், 71ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக, கொங்கணியோடும் நேபாளியோடும் சேர்ந்துதான். ஆனால் அந்த மொழிப் படத்துக்குத் தேசிய விருது அதற்கு 20 ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது. அரசியலமைப்பு ஏற்பதற்கு முன்பே திரைப்பட விருது அந்த மொழியை ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது. மற்றொன்று, விருது எண்ணையும் ஆண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வோர் பலர். விருதின் வரிசை எண்ணோடு 1952ஐக் கூட்டினால் அது எந்த ஆண்டுப் படங்களுக்கு உரியது என்பது தெரியும். 29ஆவது விருது 1981ஆம் ஆண்டுப் படங்களுக்கு; 69ஆவது விருது 2021ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அறிவிப்பும் வழங்கலும் அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து நடக்கும்.

மணிப்பூர் முழு மாநிலமானது 1972 ஜனவரி 21 அன்று. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் 'மாதம்கி மணிப்பூர்' திரைக்கு வந்தது. காரம் மனமோகன் சிங் தயாரித்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இயக்கியவர் மணிப்பூர்க்காரர் அல்லர். வங்காள இயக்குநர் தேபகி போஸின் மகன் தேப்குமார் போஸ். அரம்பம் சமரேந்திராவின் நாடகம் ஒன்றைத் தழுவிய கதை, காலம் மாறும்போது ஒரு குடும்பத்தின் பிணைப்புகள் தளர்வதைச் சொல்கிறது. இம்பாலின் நாடக மேடைகளில் பழகிய கைகளே நடிப்பிலும் பாட்டிலும் படத்துக்குத் துணை நின்றன. இசையமைத்தவர் அரிபம் ஷ்யாம் சர்மா. பின்னாளில் இந்தப் பட்டியலில் வேறு எவரையும்விட அதிக முறை இடம்பெறப் போகிறவர் அவர்தான். 20ஆவது தேசிய விருதுகளில் படத்துக்குக் குடியரசுத் தலைவர் பதக்கம் கிடைத்தது. மணிப்பூரித் திரையுலகம் ஏப்ரல் 9ஐத் தன் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறது. 2022இல் பொன்விழாவும் எடுத்தது.

விருதுப் பட்டியலை மட்டும் வைத்து வரலாறு எழுதப் புகுபவர் உடனே தடுக்கி விழும் இடமும் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. எஸ்.என். சந்த் இயக்கிய 'புரோஜேந்திரோகீ லுஹோங்பா' மணிப்பூர் மண்ணைச் சேர்ந்த ஒருவர் இயக்கிய முதல் மணிப்பூரிக் கதைப்படம். நவீன மணிப்பூரி இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லமாபம் கமலின் சிறுகதையிலிருந்து பிறந்தது. 1974இல் வந்த 'லாம்ஜா பரசுராம்' ஷ்யாம் சர்மா இயக்கிய முதல் படம்; இம்பாலில் கூட்டத்தைத் திரட்டி ஓடி, மணிப்பூரிப் படத்துக்கும் பார்வையாளர் உண்டு என்பதை மெய்ப்பித்தது. இவ்விரண்டும் மொழிவாரி விருதைப் பெற்றவை அல்ல. ஆயினும் இவை இல்லாமல் மணிப்பூரி சினிமா இரண்டாம் அடியை எடுத்து வைத்திருக்காது.

அடுத்த விருது 1976ஆம் ஆண்டுக்கு உரியது. நாட்டுப்புறக் கதையை அடிப்படையாகக் கொண்ட ஷ்யாம் சர்மாவின் 'சாஃபாபீ' அதைப் பெற்றது. பின்னர் 1979க்கு உரியதாக 'ஓலாங்தாகீ வாங்மதசூ' பெற்றது. இந்த இரண்டாவது படம் விருதுப் படம் என்றாலே அரங்கம் காலி என்ற பொது எண்ணத்துக்கு நேர்மாறானது. மாதக் கணக்கில் ஓடிய படம் அது. அதன் பாடல்களை இம்பாலின் முதிய தலைமுறை இன்னும் முணுமுணுக்கிறது. ஷ்யாம் சர்மா சாந்திநிகேதனில் மெய்யியலும் ரவீந்திர சங்கீதமும் கற்றவர், அடிப்படையில் இசைவாணர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் எம்.கே. பினோதினி தேவி. அவர் மணிப்பூர் மன்னர் சுராசந்த் சிங்கின் இளைய மகள். சாந்திநிகேதனில் சிற்பம் பயின்றவர். 1979இல் புதினத்துக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அரண்மனையில் பிறந்து, பெண்களின் வீட்டுக்குள் நடப்பதையே கூர்ந்து எழுதிய அவரும், இசையின் ஒழுங்கோடு காட்சியை அளந்து வைக்கும் ஷ்யாம் சர்மாவும் சேர்ந்தபோதுதான் மணிப்பூரி சினிமாவுக்குத் தனக்கென ஒரு குரல் அமைந்தது என்பது என் கணிப்பு.

அந்தக் குரல் முழுமையாக வெளிப்பட்ட படம் 'இமாகி நிங்தெம்'. தாய் பிரசவத்தில் இறந்துவிட, தாத்தாவிடம் வளர்கிற தோய்தோய் என்ற சிறுவனின் கதை அது. ஊருக்குப் புதிதாக வரும் ஆசிரியை, அவன் யாருடைய மகன் என்பதைக் கண்டறிகிறாள். அவனுடைய தந்தை அவளுடைய உறவுப் பெண்ணின் கணவர். கணவரின் பழைய உறவில் பிறந்த அந்தப் பிள்ளையை மனைவி தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்ள முன்வருகிறாள். இதே கதை வேறு கைகளில் கண்ணீரும் கூக்குரலுமாக முடிந்திருக்கும். பினோதினியின் திரைக்கதையில் யாரும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஒரு பெண்ணின் முடிவு அவள் பேசும் சொற்களைக் காட்டிலும் அவள் செய்யும் சிறு சிறு வேலைகளிலேயே தெரிகிறது. 29ஆவது விருதுகளில் இது சிறந்த மணிப்பூரிப் படமாகத் தேர்வானதோடு, தோய்தோயாக நடித்த லெய்கேந்திர சிங் அகில இந்திய அளவில் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருதையும் பெற்றார். மொழிவாரி விருதில் ஒரு மணிப்பூரிப் படம் பிற மணிப்பூரிப் படங்களோடு மட்டுமே நிறுத்துப் பார்க்கப்படுகிறது. குழந்தை நட்சத்திர விருதில் அது எல்லா மொழிப் படங்களோடும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறது. ஆகவே இரண்டாவது விருதின் எடை எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது. 1982இல் பிரான்சின் நாந்த் நகரில் நடந்த மூன்று கண்டங்களின் திரைப்பட விழாவில் படம் முதற்பரிசையும் வென்றது.

எண்பதுகளின் இடைப்பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். எம்.ஏ. சிங்கின் 'சனாகெய்தெல்' 1983க்கு உரிய விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு அவரே 'லங்லென் தாதோய்' வழியாக மணிப்பூரித் திரைக்கு வண்ணத்தைக் கொண்டுவந்தார்.

1990க்கு உரிய, அதாவது 38ஆவது விருதைப் பெற்ற 'இஷானோ' பற்றி நின்று பேச வேண்டும். இதுவும் ஷ்யாம் சர்மா இயக்கி, பினோதினி திரைக்கதை எழுதிய படம். பள்ளத்தாக்கில் கணவனோடும் சிறு மகளோடும் அமைதியாக வாழும் தம்பா என்ற இளம்பெண், மகளின் காது குத்தும் சடங்குக்கான ஏற்பாடுகள் நடக்கும் வேளையில் மெல்ல மெல்ல மாறத் தொடங்குகிறாள். வீட்டாருக்கு அது நோயாகத் தெரிகிறது. ஆனால் தெய்வம் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது, அவள் மைபியாக வேண்டும் என்பது பிறகு தெளிவாகிறது. மணிப்பூரி பேசும் மெய்தெய் மக்களின் பழைய சமயத்தில் தெய்வத்தின் சொல்லைச் சொல்பவர்களும், லாய் ஹராவோபா விழாவில் ஆடலோடு சடங்குகளை நடத்துபவர்களும் மைபிகளே. அவள் குடும்பத்தை விட்டுப் போகிறாள். இது அருளா, நோயா, இழப்பா என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. சடங்கை வேடிக்கைப் பொருளாக்காமல், அதன் உள்ளிருந்து பார்க்கும் அளவுக்கு இயக்குநருக்கு அந்த ஆடலும் இசையும் பழக்கமானவை. அதே சமயம் வாசலில் விடப்பட்ட குழந்தையையும் கேமரா மறப்பதில்லை. தம்பாவாக நடித்த அனௌபம் கிரண்மாலாவுக்கு நடுவர் குழு சிறப்புக் குறிப்பு வழங்கியது. சிறந்த நடிகை விருதே கொடுத்திருக்கலாம் என்று நினைப்பவர்களுள் நானும் ஒருவன்.

'இஷானோ' 1991இல் கான் திரைப்பட விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் இடம்பெற்றது. 32 ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே விழாவின் செவ்வியல் பிரிவில் மீட்டெடுக்கப்பட்ட வடிவில் மறுபடியும் திரையிடப்பட்டது. பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் மேற்கொண்ட அந்த மீட்பு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த மூல நெகடிவிலிருந்து, இத்தாலியின் போலோன்யா நகர ஆய்வகத்திலும் நம் சென்னையின் பிரசாத் நிறுவனத்திலுமாக நடந்தது. ஈரப்பதம் மிகுந்த, நல்ல சேமிப்பு வசதி இல்லாத ஒரு மாநிலத்தில் படச்சுருள்கள் எவ்வளவு விரைவில் அழியும் என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு நெகடிவ் பத்திரமாகக் காப்பகத்தில் இருந்தது எவ்வளவு பெரிய நல்வாய்ப்பு என்பது புரியும். விருது பெற்று, விழாக்களுக்குப் போய், வெளியுலகின் கண்ணில் பட்ட படங்களே இப்படித் தேடி மீட்கப்படுகின்றன என்பதையும் மறுக்க முடியாது. விருதின் நடைமுறைப் பயன்களுள் இதையே நான் முதலில் வைப்பேன். பணமுடிப்பெல்லாம் அதற்குப் பின்தான்.

தொண்ணூறுகளின் முற்பாதிதான் இந்தப் பட்டியல் மிகவும் அடர்ந்திருக்கும் காலம். கே. இபோஹல் சர்மாவின் 'சம்பல் வாங்மா', ஓகென் அமாக்சமின் 'மயோஃபிகீ மச்சா', ஷ்யாம் சர்மாவின் 'சனாபி' என்று 1993, 1994, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் தொடர்ந்து விருது கிடைத்தது. 'இமாகி நிங்தெம்' படத்தைத் தயாரித்தவரும் இபோஹல் சர்மாதான் என்பதைக் கவனித்தால், அந்தக் காலத்தில் ஒரே சிறு வட்டம்தான் தயாரிப்பு, இயக்கம், இசை என்று மாறி மாறிச் சுமந்தது என்பது விளங்கும். 'சனாபி'யின் மையத்தில் நிற்பது ஒரு பெண்குதிரை. போலோவின் தாய்நிலங்களுள் ஒன்றாகிய மணிப்பூரில் மட்டக்குதிரை வீட்டு உறுப்பினர் போல. 2019க்கு உரிய விருதைப் பெற்ற 'எய்கி கோனா'விலும் அந்தக் குதிரையே வருகிறது. கால் நூற்றாண்டு இடைவெளியில் இரு படங்கள் ஒரே உயிரினத்தை மையமாக்கியதும், இடையில் அந்த இனமே எண்ணிக்கையில் அருகிப்போனதும் சேர்த்துப் பார்க்கத்தக்கவை.

2000க்கு உரிய விருதை மகோன்மணி மோங்சாபாவின் 'சத்லெதோ எய்தீ' பெற்றது. அதன் பிறகு பட்டியல் சட்டென மெலிகிறது. அந்த நேரத்தில் படைப்பூக்கம் வற்றிப்போனது என்று யாரேனும் முடிவுகட்டினால் அது முற்றிலும் தவறு. நடந்தது அதற்கு நேரெதிர். ஆயுதம் தாங்கிய அமைப்பு ஒன்று 2000ஆம் ஆண்டில் இந்திப் படங்களைத் திரையிடக் கூடாது என்று தடை விதித்தது. இந்திப் படங்களை நம்பி நடந்த அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த வெற்றிடத்தில், 35 மி.மீ. படச்சுருளுக்கும் வெளியூர் ஆய்வகச் செலவுக்கும் பணம் இல்லாத இளைஞர்கள் வீடியோ கேமராவைக் கையில் எடுத்தனர். 2002இல் 'லம்மெய்' வீடியோவில் எடுக்கப்பட்டு அரங்கில் திரையிடப்பட்டபோது பழைய முறை முடிவுக்கு வந்தது என்றே சொல்லலாம். சில ஆண்டுகளிலேயே, முன்பு ஒரு பத்தாண்டில் எடுத்த எண்ணிக்கையை ஓராண்டில் எடுக்கும் நிலை வந்தது. ஆனால் தேசிய விருதுக்கு மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். உள்ளூர் அரங்குக்காகவும் குறுந்தகட்டுக்காகவும் விரைந்து எடுக்கப்பட்ட வீடியோ படங்களில் பெரும்பாலானவை அந்த வழிக்கே போகவில்லை. ஆகவே மணிப்பூரி சினிமா எண்ணிக்கையில் மிகவும் செழித்த ஆண்டுகள் விருதுப் பட்டியலில் மிகவும் வறண்ட ஆண்டுகளாகக் காட்சியளிக்கின்றன. பட்டியலின் இடைவெளிகளை நடுவர்களின் புறக்கணிப்பு என்று படிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

டிஜிட்டல் படங்கள் முறைப்படி சான்றிதழ் பெற்று வரத் தொடங்கியபின் பட்டியல் மறுபடி உயிர்பெற்றது. ஓய்னம் கௌதமின் 'ஃபிஜிகீ மணி' 2011க்கு உரிய விருதைப் பெற்றதோடு, அதில் நடித்த லெய்ஷாங்தெம் தொந்தோய்ங்கம்பி தேவிக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதையும் ஈட்டித் தந்தது. லெய்கேந்திர சிங்குக்குச் சொன்னது இவருக்கும் பொருந்தும்: மொழி வேலியைத் தாண்டி எல்லாரோடும் போட்டியிட்டுப் பெற்ற விருது அது. அடுத்த ஆண்டுக்கு உரியதை 'லெய்பாக்லெய்' பெற்றது. முதல் மணிப்பூரிப் படத்துக்கு இசையமைத்த ஷ்யாம் சர்மா 40 ஆண்டுகள் கழித்தும் அதே மேடையில் இருந்தார். 2015க்கு உரியது மைபாக்சனா ஹாவோரோங்பமின் 'எய்புசு யாவோஹன்பியு'. மேலே சொன்ன 'எய்கி கோனா'வை அவரும் பாபி வாஹெங்பமும் சேர்ந்து இயக்கினர்.

அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான மணிப்பூரிப் படம் எது என்று கேட்டால், மொழிவாரி விருதுக்கு வெளியே உள்ள ஒன்றைத்தான் நான் சொல்வேன். ஹாவோபம் பபன் குமாரின் 'லோக்தாக் லைரெம்பி' 64ஆவது விருதுகளில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிய சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. லோக்தாக் ஏரியில் மிதக்கும் தாவரத் திட்டுகளுக்கு ஃபும்தி என்று பெயர். அவற்றின் மேல் குடிசை கட்டி மீன் பிடித்து வாழ்பவர்களை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வெளியேற்றும் முயற்சியில் 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான குடிசைகள் எரிக்கப்பட்டன. அதை ஆவணப்படமாகப் பதிவு செய்தவர் பபன் குமார்; பின்னர் அதே நீரில், அங்கு வாழும் மீனவர்களையே நடிக்க வைத்துக் கதைப்படம் எடுத்தார். எல்லாம் பறிபோகும் அச்சத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு மீனவனுக்கு ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. அது அவன் நடையையே மாற்றிவிடுகிறது. சுதீர் நாவோரோய்பமின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்ட இந்தப் படத்தைச் சுற்றுச்சூழல் படம் என்று மட்டும் வகைப்படுத்தியது எனக்கு முழு உடன்பாடில்லை. ஏரியைக் காப்பாற்றுவது என்ற பெயரில் ஏரியோடு வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் அதன் கேள்வி. ஐந்து ஆண்டுகள் கழித்து ரோமி மெய்தெய் அதே ஏரிக்கு ஒரு சிறுவனின் கண் வழியாகத் திரும்பினார்; 'எய்கோய்கி யும்' 2021க்கு உரிய மொழிவாரி விருதைப் பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, ஒரே நிகழ்வு ஒரு சமூகத்தின் நினைவில் எப்படிப் படிகிறது என்பது தெரியும்.

மணிப்பூர் மாநிலப் படம் என்பதும் மணிப்பூரி மொழிப் படம் என்பதும் ஒன்றல்ல. இந்த விருது மெய்தெய்லோன் என்று அழைக்கப்படும் மொழிக்கு உரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17.6 லட்சம் பேர். தாங்குல், தாதௌ, பைதே போன்ற மலைப்பகுதி மொழிகளில் எடுக்கப்படும் படங்கள் அட்டவணையில் இல்லாத மொழிகளுக்கான இடத்தில்தான் போட்டியிட வேண்டும்.

70, 71ஆவது விருதுகளில், அதாவது 2022, 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான பட்டியலில், சிறந்த மணிப்பூரிக் கதைப்படம் என்ற இடம் நிரப்பப்படவில்லை. இதை 2023 மே மாதம் தொடங்கிய இன வன்முறையோடு உடனே முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் 2022ஆம் ஆண்டுப் படங்கள் அதற்கு முன்பே சான்றிதழ் பெற்றிருக்க வேண்டியவை என்பதால் முதல் இடைவெளிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பார்க்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: முதலில் 'இஷானோ'வின் மீட்டெடுக்கப்பட்ட வடிவம், அடுத்து 'இமாகி நிங்தெம்', பிறகு 'லோக்தாக் லைரெம்பி'. ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் பினோதினியின் பெண்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது பிடிபடும்.